கதவும் கட்டையும்

வீட்டுக்கு வாசல் எது என்று யாராவது நம்மிடம் கேட்டால், அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்போம். கோலம் போடுகிற இடம் வாசல். நிலைப்படிக்கு மஞ்சளும் குங்குமமும் வைக்கிற இடம் வாசல். தபால்காரர் மணி அடிப்பதும், புதுப் பெண்ணுக்கு ஆரத்தி எடுப்பதும் அங்கேதான். இதில் கேள்விக்கு என்ன இடம் இருக்கிறது?

ஆனால் கடல் கடந்து போய்விட்டால் இந்தச் சின்னக் கேள்விக்குக்கூடப் பதில் மாறிவிடுகிறது. அமெரிக்காவில் பெண்ணைக் கட்டிக் கொடுத்திருக்கும் என் பழைய நண்பர் ஒருவர், அங்கே ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினார். வந்ததும் வராததுமாக என்னிடம் சொன்ன முதல் சமாசாரம் இதுதான்:

"ஓய், அந்த வீட்டுக்கு முன்வாசல் என்று ஒன்று அழகாக இருக்கிறது. ஆறு மாதத்தில் அதைத் திறந்தது நாலே தடவை. மற்ற நேரமெல்லாம் நாங்கள் கார் ஷெட் வழியாகத்தான் போக, வர. அதற்கு ஒரு கதவு இருக்கிறது பாரும், கதவா அது? ஒரு சுவரே எழுந்து கூரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது!"

அந்தக் கதவினால் அவருக்கு ஒரு அவமானமும் நேர்ந்திருக்கிறது. ஒரு நாள் காலை மாப்பிள்ளை காரை வெளியே எடுத்துக்கொண்டு போனார். போகிற போக்கில் ஏதோ பொத்தானை அமுக்கினார். கதவு மேலிருந்து மெதுவாக இறங்கத் தொடங்கியது. நண்பர் காலை உலாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இன்னும் நாலடி இடைவெளி இருக்கிறதே, குனிந்து நுழைந்து போய்விடலாம் என்று ஓர் எட்டு வைத்தார். உடனே பின்னாலிருந்து ஒரு கூச்சல்!

"தாத்தா, நில்லு! கதவுக்கு அடியிலே போகவே கூடாது!"

ஏழு வயதுப் பேத்தி. முகம் வெளுத்துப் போய் நின்றுகொண்டிருந்தாள். அதற்குள் கதவும் தானாகவே நின்று, வந்த வழியே மேலே போய்விட்டது. நண்பருக்கு ஒன்றும் புரியவில்லை.

"பேய் வீடு மாதிரி இருந்தது, ஓய். அதைவிட அந்தக் குழந்தை பயந்த பயம்தான் எனக்கு ஆச்சரியம். நீர் சரித்திரம் எழுதுகிறவர் ஆயிற்றே. ஒரு கார் ஷெட் கதவுக்குக்கூடச் சரித்திரம் உண்டோ?" என்று கேட்டார்.

இராது என்றுதான் நானும் நினைத்தேன். தேடிப் பார்த்தபோது, ராஜாக்களின் கோட்டைக் கதவுகளுக்குச் சற்றும் குறையாத சரித்திரம் இருக்கக் கண்டேன். அதில் புயல் உண்டு, தீ உண்டு, திருட்டு உண்டு. குழந்தைகளின் சாவும் உண்டு. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். நம் ஊரில் 'கராஜ்' என்றால் எண்ணெய்ப் பிசுக்கோடு பையன்கள் காருக்கு அடியில் படுத்திருக்கும் பழுது பார்க்கும் பட்டறைதான் ஞாபகத்துக்கு வரும். வீட்டில் கார் நிற்கும் இடத்தைக் 'கார் ஷெட்' என்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சொல்லை உண்டாக்கியபோது இரண்டுக்கும் பொதுவான பொருளை மனத்தில் கொண்டிருந்தார்கள். 'காரே' என்ற வினைச்சொல்லிலிருந்து பிறந்தது அது. பத்திரமான இடத்தில் கொண்டு வைப்பது என்று பொருள். ஆகவே பாதுகாப்பு என்பது பெயரிலேயே இருக்கிறது. யாருக்குப் பாதுகாப்பு என்பதுதான் பின்னால் எழுந்த கேள்வி.

மோட்டார் கார் வந்த புதிதில் அதற்கென்று தனி வீடு கிடையாது. குதிரையும் வண்டியும் நின்ற கொட்டகையிலேயே அதுவும் ஒண்டுக் குடித்தனம் செய்தது. ஹென்ரி போர்டின் 'மாடல் டி' கார் 1908-ல் வெளிவந்தது. அதன் விலை குறைந்துகொண்டே போய், 1925-ல் 260 டாலருக்கு இறங்கியது. 1927-ல் அந்த ரகக் கார் ஒன்றரைக் கோடியைத் தொட்டுவிட்டது. இத்தனை காரும் எங்கே போய் நிற்கும்? வீட்டுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, சிறு சிறு மரக் கொட்டகைகள் முளைத்தன. பெட்ரோல் பற்றிக்கொள்ளும் என்ற பயத்தினால்தான் தள்ளிக் கட்டினார்கள். சியர்ஸ் ரோபக் போன்ற கம்பெனிகள் தபாலில் ஆர்டர் எடுத்து, கொட்டகைக்கு வேண்டிய மரங்களை அளவாக அறுத்து, ரயிலில் அனுப்பி வைத்தன.

அந்தக் கொட்டகைகளுக்கு வண்டிக் கொட்டகையின் இரட்டைக் கதவுதான். இரண்டு பெரிய மரக் கதவுகள், கீலில் தொங்கி வெளிப்பக்கமாகத் திறக்கும். பார்வைக்கு லட்சணமாயிருக்கும். ஆனால் வட அமெரிக்காவில் குளிர்காலம் என்று ஒன்று வருகிறதே! இரவெல்லாம் பனி விழுந்து, கதவுக்கு முன்னால் முழங்கால் உயரம் கிடக்கும். அதை மண்வெட்டியால் வாரிக் கொட்டாமல் கதவை அசைக்க முடியாது. கோடையில் வேறு தொல்லை. காற்று அடித்தால் கதவு படாரென்று வந்து காரின் மேலேயே மோதும். நாளாக ஆகக் கதவின் பாரம் தாங்காமல் கீல் தளர்ந்து, அடிப்பக்கம் தரையைத் தேய்க்கும். சரி, பக்கவாட்டில் தள்ளுகிற கதவு போடலாம் என்றால், அது ஒதுங்கி நிற்கச் சுவரின் நீளம் போதாது.

முன்னாலும் இடமில்லை, பக்கத்திலும் இடமில்லை. மிச்சமிருப்பது மேலேதான். ஸி. ஜி. ஜான்சன் என்பவர் 1921-ல் மேலே ஏறும் கதவைச் செய்தார். கதவைக் குறுக்கே பல பட்டைகளாகப் பிரித்தார். பட்டைகளைக் கீலால் இணைத்தார். ஓரங்களில் உருளைகளை மாட்டி, வளைந்த தடத்தில் ஓடவிட்டார். நம் கடைத்தெருவில் இரும்பு ஷட்டர் மேலே சுருண்டுகொள்ளும் அல்லவா? இது சுருண்டுகொள்ளாது. மடிந்து, மடிந்து, கூரைக்குக் கீழே தட்டையாகப் போய்ப் படுத்துவிடும். பனி எவ்வளவு கிடந்தாலும் இதற்கு லட்சியமில்லை. ஜான்சன் அதோடு விடவில்லை. கதவின் சிறு மாதிரி ஒன்றைத் தம் போர்டு காரின் பின்புறத்தில் பொருத்திக்கொண்டு, ஊர் ஊராகப் போய்த் திறந்து மூடிக் காட்டி வியாபாரம் பிடித்தார். 1926-ல் அதை மின்சாரத்தினால் திறக்கும் மோட்டாரையும் அவரே கொண்டுவந்தார்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். கதவைத் தூக்குவது மோட்டார் என்று எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் தூக்குவது ஸ்பிரிங்தான். இரண்டு கார் நுழையும் கதவு பெரும்பாலும் 150 பவுண்டுக்குக் குறைந்து இராது. கெட்டியான மரக் கதவு 300 பவுண்டையும் தாண்டும். அந்தப் பாரத்தைச் சமன் செய்ய, கதவுக்கு மேலே ஒரு தண்டில் முறுக்கேறிய ஸ்பிரிங் ஒன்றைப் பூட்டியிருக்கிறார்கள். சில வீடுகளில் இரு பக்கத் தடத்தின் ஓரமாக இழுபடும் ஸ்பிரிங்குகள் இருக்கும். கதவு இறங்கும்போது ஸ்பிரிங் இறுகிப் பலத்தைச் சேமித்துக்கொள்கிறது. ஏறும்போது அதைத் திருப்பிக் கொடுக்கிறது. கிணற்று ஏற்றத்தில் ஒரு முனையில் சாலும் மறு முனையில் பாரமும் இருக்கின்றன அல்லவா, அந்த நியாயம்தான். ஸ்பிரிங் சரியாக இருந்தால் மோட்டாருக்கு வேலை சொற்பம். ஒரு குழந்தைகூட ஒரு கையால் கதவைத் தூக்கிவிடலாம்.

ஸ்பிரிங்குக்கும் ஆயுள் உண்டு. சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 தடவை திறந்து மூடுவதைத் தாங்கும் என்று கணக்கிட்டுச் செய்கிறார்கள். நாளைக்கு நாலு தடவை என்று வைத்துக்கொண்டால் ஏழு வருஷம். அதற்குப் பிறகு ஒரு நாள், வெடி வெடித்தாற்போல் ஓர் ஓசையோடு அது அறுந்து போகும். அறுந்த பிறகு அந்தக் கதவு, கதவின் உருவத்தில் தொங்கும் வெறும் பாரம். அது மட்டுமல்ல, அறுவதற்கு முன்னால் நாமே முறுக்கைத் தளர்த்திச் சரி செய்துவிடலாம் என்று திருகுளியை எடுத்துக்கொண்டு போனவர்கள் விரலையும் கண்ணையும் இழந்திருக்கிறார்கள். சேமித்து வைத்த பலம் ஒரு நொடியில் கைக்கு வந்தால் தாங்குமா? இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே பாலபாடம்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு அமெரிக்க நகரங்களின் வெளிப்புறங்களில் லட்சக்கணக்கில் புதிய வீடுகள் எழும்பின. அப்போது கார் ஷெட் பின்கட்டிலிருந்து முன்கட்டுக்கு வந்தது. வீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஒரு காருக்குப் பதிலாக இரண்டு கார் நிற்கும்படி அகலமாயிற்று. வானொலி அலையினால் தூரத்திலிருந்தே கதவைத் திறக்கும் சாதனமும் பரவியது. நண்பர் வியந்தபடி, குடும்பத்தின் மெய்யான வாசல் அதுவே ஆயிற்று. காரோடு பழைய சாமான்களும், சைக்கிளும், துணி துவைக்கும் யந்திரமும் அங்கே குடியேறின. குழந்தைகளுக்கு மழை நாளில் விளையாட அதைவிட நல்ல இடம் ஏது?

குழந்தைகள் எங்கே இருந்தாலும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பொத்தானை அமுக்கிவிட்டு, கதவு தரையைத் தொடுவதற்குள் அடியில் ஓடி வெளியே போவது என்று ஒரு பந்தயம். எத்தனை வீடுகளில் எத்தனை தடவை இது ஆபத்தில்லாமல் முடிந்திருக்கும்! ஆனால் எல்லாத் தடவையும் அப்படி முடியவில்லை. முட்டினால் நின்று திரும்பும் ஏற்பாடு பல மோட்டார்களில் இருந்தது உண்மை. அது பழசாகியோ, அளவு தவறியோ, கவனிப்பார் இல்லாமலோ, வேண்டிய சமயத்தில் வேலை செய்யாமல் போயிற்று. அமெரிக்க அரசாங்கத்தின் நுகர்வோர் பொருள் பாதுகாப்புக் கமிஷன் கணக்கு எடுத்தது. 1982 மார்ச்சுக்குப் பின் வந்த ஆண்டுகளில் 2 வயதிலிருந்து 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 60 பேர் இந்தக் கதவுகளின் கீழ் அகப்பட்டு இறந்திருந்தார்கள். ஆண்டுக்கு நாலு குழந்தை. மூளைக்குக் காற்றுப் போகாமல் பிழைத்துக் கிடந்தவர்கள் வேறு.

கோடிக்கணக்கான வீடுகள் இருக்கிற தேசத்தில் ஆண்டுக்கு நாலு என்பது பெரிய எண்ணிக்கையா என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். அந்த நாலு வீடுகளில் ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். திருடனுக்குப் பயந்து நாம் கதவு போடுகிறோம். அந்தக் கதவே வீட்டுக் குழந்தையைக் கொண்டுபோய்விட்டது என்றால், அந்தத் தாய் இனி எந்தக் கதவை நம்புவாள்?

அமெரிக்கக் காங்கிரஸ் 1990-ல் இதற்கென்று சட்டம் செய்தது. 1993-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிக்குப் பிறகு செய்யப்படும் வீட்டு மோட்டார் ஒவ்வொன்றிலும், முட்டினால் திரும்புகிற ஏற்பாட்டோடு இரண்டாவது காவல் ஒன்றும் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அது ஓர் ஒளிக் கண். கதவின் இரு பக்கத்திலும், தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில், சிறிய இரண்டு பெட்டிகள். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் போய்க்கொண்டே இருக்கும். இறங்கும்போது குறுக்கே ஏதாவது வந்தால் கதவு உடனே நின்று மேலே போய்விடும். ஏன் ஆறு அங்குலம் என்றால், தவழ்கிற குழந்தையும் அதன் கணக்கில் வர வேண்டும் என்பதற்காகத்தான். என் நண்பரின் காலைக் கண்டு கதவு திரும்பியதே, பேய் அல்ல, இந்தக் கண்தான் காரணம். ஒளிக் கண் ஏமாந்தாலும், தரையில் ஒன்றரை அங்குல உயரத்தில் கிடக்கும் பொருளை முட்டிய இரண்டு விநாடிக்குள் கதவு திரும்பியாக வேண்டும் என்பது இன்னொரு விதி.

இந்தச் சட்டம் முழுவதும் அமலுக்கு வருவதற்கு நாலு மாதம் இருக்கும்போது, கதவுக்கு வேறொரு பரீட்சை வந்தது. 1992-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் தேதி விடியற்காலையில் 'ஆண்ட்ரூ' என்ற சூறாவளி தெற்கு ப்ளோரிடாவில் கரை ஏறியது. மியாமிக்குத் தெற்கே ஊர் ஊராகத் தரைமட்டமாயின. 25,000-க்கு மேற்பட்ட வீடுகள் அடியோடு அழிந்தன. பிறகு நிபுணர்கள் இடிபாடுகளினூடே நடந்து, எந்த வீடு ஏன் விழுந்தது என்று ஆராய்ந்தார்கள். கூரை பறந்த வீடுகள் பலவற்றில் முதலில் தோற்றது கார் ஷெட் கதவு என்று கண்டார்கள்.

காரணம் எளிது. வீட்டின் சுவரில் உள்ள துவாரங்களில் மிகப் பெரியது அதுதான். 16 அடி அகலம், 7 அடி உயரம் என்றால் 112 சதுர அடி. மணிக்கு 100 மைல் வேகத்தில் காற்று நேரே மோதினால், சதுர அடிக்குச் சுமார் 25 பவுண்டு அழுத்தம் உண்டாகும். கதவின் மேல் மொத்தம் 2,800 பவுண்டு. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்கு. இதைத் தாங்க வேண்டியது என்ன? மெல்லிய தகட்டுப் பட்டைகளும், ஓரத்தில் சில உருளைகளும்! கதவு உள்ளே வளைந்து, உருளைகள் தடத்தை விட்டுக் கழன்று, காற்று உள்ளே பாய்ந்துவிடுகிறது. உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது. வெளியே ஓடுகிற காற்று மேலிருந்து இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கூரை எங்கே நிற்கும்? சுவரைப் பலமாகக் கட்டிவிட்டு, அதில் 16 அடியைக் காகிதத்தினால் அடைத்ததற்குச் சமானம்.

1994-ல் தெற்கு ப்ளோரிடாவில் புதிய கட்டட விதிகள் அமலுக்கு வந்தன. புயல் காற்று வெறுங்கையோடு வருவதில்லை. பக்கத்து வீட்டு மரச்சட்டத்தைப் பிடுங்கி எறிந்துகொண்டு வரும். ஆகையால் ஒரு பரீட்சை ஏற்படுத்தினார்கள். ஒன்பது பவுண்டு எடையுள்ள மரச்சட்டம் ஒன்றைக் காற்றுப் பீரங்கியில் வைத்து, விநாடிக்கு 50 அடி வேகத்தில் கதவின் மேல் சுடுவார்கள். அடி வாங்கிய கதவை அதோடும் விடுவதில்லை. காற்று தள்ளுவதும் இழுப்பதும் போல மாற்றி மாற்றி அழுத்திப் பார்ப்பார்கள். இவ்வளவுக்கும் நின்றால்தான் அந்தக் கதவுக்கு அங்கே இடம்.

அந்த மரச்சட்டத்தின் அளவைக் கவனியுங்கள். தச்சர்கள் 'இரண்டுக்கு நாலு' என்று சொல்வார்களே, அந்தச் சட்டம். இழைத்த பிறகு அதன் கனம் ஒன்றரை அங்குலம். குழந்தைக்காக ஏற்பட்ட பரீட்சையிலும் வீட்டுக்காரர்களிடம் இதே சட்டத்தைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். 'இரண்டுக்கு நாலு' துண்டு ஒன்றைக் கதவுக்கு அடியில் தரையில் படுக்க வைத்துக் கதவை மூடு. கட்டையைத் தொட்டதும் கதவு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அந்த மோட்டாரை உபயோகிக்காதே என்கிறார்கள். ஒரே கட்டைதான். பீரங்கியிலிருந்து பறந்து வந்தால் கதவு அசையக் கூடாது. தரையில் சும்மா கிடந்தால் கதவு அதற்கு வழிவிட்டு விலக வேண்டும். புயலுக்கு வளையாமலும் குழந்தைக்கு வளைந்தும் கொடுக்க வேண்டும் என்ற இரண்டு தருமங்களையும் அந்தக் கட்டையே சோதிக்கிறது. மனிதர்களுக்கே எளிதில் வராத குணத்தை ஒரு தகட்டுக் கதவிடம் எதிர்பார்க்கிறோம்!

இன்னும் இரண்டு பாடங்கள் பாக்கி. ஒன்று திருடனைப் பற்றியது. ஆரம்ப காலத்து வானொலிச் சாதனங்களுக்கு ஆள் அடையாளம் தெரியாது. ஒருவர் பொத்தானை அமுக்கினால் பக்கத்து வீட்டுக் கதவும் சேர்ந்து திறந்துகொள்ளும். பிறகு சின்னஞ்சிறு சுவிச்சுகளை வைத்து, வீட்டுக்கு ஓர் அடையாள எண் என்று ஏற்படுத்தினார்கள். எட்டு சுவிச்சு இருந்தால் 256 எண்கள். பன்னிரண்டு இருந்தால் 4,096. ஸாமி காம்கர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2015-ல், குழந்தைகள் விளையாடும் ஒரு சிறிய யந்திரத்தை மாற்றி அமைத்து, இந்த எண்கள் அத்தனையையும் பத்து விநாடிக்குள் ஒலிபரப்பிக் கதவைத் திறந்து காட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் அலிபாபா கதையில் குகையைத் திறக்கும் மந்திரத்தின் பெயர்தான். 1990-களிலிருந்தே, ஒவ்வொரு தடவையும் புதிய எண்ணை உண்டாக்கும் சாதனங்கள் வந்துவிட்டன. அப்படிப்பட்ட குகை, நேற்றைய மந்திரத்துக்கு இன்று திறக்காது. ஆனால் பழைய சாதனத்தை மாற்றாமல் வைத்திருக்கிற வீட்டில், பழைய மந்திரம்தான் இன்றும் செல்லும்.

மற்றது தீயைப் பற்றியது. 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் வட கலிபோர்னியாவில் காட்டுத்தீ இரவோடிரவாக ஊர்களுக்குள் புகுந்தது. மின்சாரம் நின்றது. காரை எடுத்துக்கொண்டு ஓட நினைத்தவர்கள் பொத்தானை அமுக்கினார்கள், கதவு திறக்கவில்லை. மோட்டாரைக் கழற்றிவிடும் சிவப்புக் கைப்பிடி ஒன்று கயிற்றில் தொங்கிக்கொண்டேதான் இருக்கும். அதை இழுத்துக் கதவைக் கையால் தூக்க வேண்டும். புகையில், இருட்டில், தள்ளாத வயதில் அது முடியாமல் போனவர்கள் உண்டு. உயிர் இழந்தவர்களும் உண்டு. 2019 ஜூலை முதல், புதிய மோட்டார்களில் மின்சாரம் போனாலும் வேலை செய்யும் பாட்டரி இருந்தாக வேண்டும் என்று கலிபோர்னியா சட்டம் செய்துவிட்டது.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: இந்தக் கதவைப் பற்றிய ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவர் வீட்டுத் துக்கத்துக்குப் பிறகு எழுதப்பட்டிருக்கிறது. விதி எழுதியதோடு உலகம் அந்தத் துக்கத்தை மறந்துவிடுகிறது. சட்டமோ புதிதாகச் செய்கிற சாமானை மட்டுந்தான் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே வீட்டில் மாட்டியிருக்கிற கதவு வருஷா வருஷம் துருப்பிடிப்பதை அது பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதை நினைவு வைத்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு. பராமரிப்பு என்று நாம் அலுப்போடு சொல்லும் காரியத்துக்கு அர்த்தம் இந்த நினைவுதான்.

காரியமும் பெரிதல்ல. மாதத்துக்கு ஒரு தரம் கட்டையை வைத்துச் சோதிப்பது. கதவு மூடியிருக்கும்போது சிவப்புக் கைப்பிடியை இழுத்து மோட்டாரைக் கழற்றிவிட்டு, கையால் பாதி உயரம் தூக்கி விட்டுப் பார்ப்பது. கதவு நின்ற இடத்தில் நின்றால் ஸ்பிரிங் சரி. பொத்தென்று இறங்கினாலோ தானே மேலே ஓடினாலோ தெரிந்தவரைக் கூப்பிட வேண்டிய காலம் வந்துவிட்டது. திறந்திருக்கும் கதவில் மட்டும் இதைச் செய்து பார்க்கக் கூடாது. ஸ்பிரிங் அறுந்திருந்தால் பாரம் முழுவதும் தலையில் இறங்கும். கீலுக்கும் உருளைக்கும் ஸ்பிரிங்குக்கும் இலேசாக எண்ணெய். தடத்துக்கு எண்ணெய் வேண்டாம், துணியால் துடைத்தால் போதும். கம்பி வடத்தில் இழை பிரிந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. மரக் கதவானால் உள்பக்கத்துக்கும் அடி விளிம்புக்கும்கூட வர்ணம். வெளிப்பக்கம் மட்டும் பூசினால் தண்ணீர் மற்ற வழியாக ஏறி மரத்தை முறுக்கிவிடும். ஒளிக் கண்ணில் சிலந்தி கூடு கட்டியிருந்தால் துடைப்பது. சுவரிலுள்ள பொத்தான் குழந்தைக்கு எட்டாதபடி ஐந்தடி உயரத்துக்குமேல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் எல்லாம் முடிந்துவிடும்.

இவ்வளவு சுலபமாயிருந்தும் செய்யாமலிருப்பவர்கள் அங்கேயும் ஏராளம். சிலர் அதற்கும் ஒரு படி மேலே போகிறார்கள். ஒளிக் கண் அடிக்கடி கதவைத் திருப்பி அனுப்பித் தொந்தரவு செய்கிறதென்று, இரண்டு பெட்டிகளையும் கழற்றி, ஒன்றையொன்று பார்க்கும்படி கூரையருகே கட்டிவிடுகிறார்கள். ஒளிக்குக் குறுக்கே எதுவும் வராது. கதவும் தடையில்லாமல் மூடும். கீழே குழந்தை நின்றாலும் மூடும்.

நான் இதையெல்லாம் நண்பரிடம் சொல்லி முடித்தபோது அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்:

"மாப்பிள்ளை அந்த வீட்டை வாங்கியபோது அந்தக் கண்கள் இரண்டும் கூரையில்தான் இருந்தனவாம், ஓய். முன்பு குடியிருந்தவர் செய்த வேலை. குழந்தை நடக்கத் தொடங்கிய வாரத்தில் இவர்தான் ஏணி போட்டு இறக்கிக் கீழே மாட்டினாராம். அன்றைக்கு எனக்கு அது ஒரு சமாசாரமாகவே படவில்லை."

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் ஒரு சடங்கு நடக்குமாம். அலமாரியின் மேல் ஒரு மரக்கட்டை இருக்கிறது. பேத்திதான் அதை எடுத்து வந்து கதவுக்கு நடுவே வைப்பாள். எல்லாரும் உள்ளே தள்ளி நின்றுகொள்வார்கள். அப்பா பொத்தானை அமுக்குவார். கதவு இறங்கி வந்து கட்டையைத் தொடும். ஒரு கணம் தயங்கும். பிறகு மேலே போய்விடும். குழந்தை கையைத் தட்டுவாள்.

"ஏதோ விளையாட்டு என்று நினைத்து நானும் கைதட்டினேன்" என்றார் நண்பர்.

மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு இரும்புக் கேட்டின் மேல் கீல் விட்டுப்போய் இரண்டு வருஷமாயிற்று. ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். சாயங்காலமானால் தெருக் குழந்தைகள் நாலைந்து பேர் அதில் தொற்றிக்கொண்டு ஊஞ்சல் ஆடுவது வழக்கம்.

நண்பர் சாய்வு நாற்காலியை வாசலுக்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டு, வேலை முடிகிற வரையில் அந்தக் குழந்தைகளைக் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.